மொபீல் நகரத்துத் திருவிழாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் கடலோரத் துறைமுக நகரம் மொபீல். மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். ஏர்பஸ் விமானத் தொழிற்சாலை, ஆஸ்டல் கப்பல் கட்டும் தளம், தெற்கு அலபாமா பல்கலைக்கழகம் என்று வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் முதல் வருடம் இந்த ஊரின் திருவிழாக்களைப் பற்றி நிறையவே கேட்பார்கள். ஊர் முழுக்க ஏன் ஊதா, பொன் நிறத் தோரணம்? தெருவோரம் எதற்கு இரும்புத் தடுப்பு? செவ்வாய்க்கிழமை ஏன் பள்ளி இல்லை? எல்லாம் பெரும்பாலும் மார்டி கிராவுக்காக. கிறிஸ்தவர்களின் நோன்புக் காலத்துக்கு முன் ஊர்வலங்களோடு நடக்கும் கொண்டாட்டம் அது. அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

மார்டி கிரா என்றாலே நியூ ஆர்லியன்ஸ்தானே? மொபீலில் என்ன இருக்கிறது?

நியூ ஆர்லியன்ஸ் பெரியது, உலகப் புகழ் பெற்றது. ஆனால் மொபீல் மூத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1702-ல் மொபீலை நிறுவி, தங்கள் லூசியானா பிரதேசத்துக்குத் தலைநகர் ஆக்கினார்கள். நியூ ஆர்லியன்ஸ் 1718-ல்தான் பிறந்தது. முதல் குடியிருப்பு ஆற்றின் மேல்பகுதியில் இருந்தது. வெள்ளம் வந்ததால் 1711-ல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். 1703-லேயே இங்கே மார்டி கிரா நடந்தது என்பது ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காத பெருமை.

அதைவிட உறுதியான கதை ஒன்று இருக்கிறது. 1830 டிசம்பர் 31 இரவு மைக்கேல் கிராஃப்ட் என்ற பருத்தித் தரகரும் நண்பர்களும் மண்வெட்டி, வாரி, மாட்டு மணி எல்லாம் எடுத்துக்கொண்டு, தெருத்தெருவாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'கௌபெலியன் டி ரேக்கின்' என்ற சங்கம். முகமூடி, அலங்கார ஊர்தி, வருடம் ஒரு கதைப்பொருள் என்ற முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1857-ல் நியூ ஆர்லியன்ஸில் 'கோமஸ்' சங்கம் தொடங்கியபோது அதில் மொபீல்காரர்களின் கை இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் இன்று காட்டும் ஊர்வலத்தின் இலக்கணம் இங்கிருந்து போனது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இரண்டையும் பார்க்க ஆசையா? 2025 ஆகஸ்டில் இரு நகரங்களுக்கும் இடையே ஆம்ட்ராக் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. தினமும் இரண்டு முறை போய்வரும் அந்த ரயிலின் பெயரே மார்டி கிரா சேவைதான்.

எந்தத் தேதியில் வரும்?

ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும் செவ்வாய். மறுநாள் சாம்பல் புதன், அதிலிருந்து தவக்காலம் ஆரம்பம். நோன்புக்கு முன் வயிறார உண்டு கொண்டாடிவிடுவது என்பதே இதன் மூலம். 2026-ல் பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 9, 2028-ல் பிப்ரவரி 29.

ஆனால் அந்த ஒரு நாளோடு முடியும் விழா இல்லை. நகர மையத்தில் ஊர்வலங்கள் ஏறத்தாழ இரண்டரை வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். மொபீல், பால்ட்வின் ஆகிய இரண்டு மாவட்டங்களில் அந்தச் செவ்வாய் மாநில அரசு விடுமுறை. பள்ளிகளும் மூடியிருக்கும். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் அந்த வாரத்தில் முக்கியமான கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். யாரும் வர மாட்டார்கள்.

இத்தனை ஊர்வலங்களையும் யார் நடத்துகிறார்கள்? மாநகராட்சியா?

இல்லை. இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் வாசல்.

மாநகராட்சி போலீஸ் பாதுகாப்பு தரும், தடுப்பு வைக்கும், விடிவதற்குள் குப்பையை வாரிவிடும். மற்ற எல்லாமே சங்கங்களின் பொறுப்பு. இங்கே அவற்றை 'மிஸ்டிக் சொசைட்டி' என்பார்கள். பல சங்கங்களில் உறுப்பினர் யார் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். ஊர்தியில் முகமூடியோடுதான் ஏறுவார்கள். சந்தா கட்டி, ஊர்தி செய்ய ஆள் வைத்து, ஊர்தியிலிருந்து கூட்டத்துக்குத் தூக்கிப்போடும் மணிமாலை, தின்பண்டம் எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்கி, இன்ன நாள் இன்ன நேரம் எங்களுடையது என்று ஆண்டாண்டாகக் காத்து வருகிறார்கள். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஓர் உரிமைக்காரர் இருப்பாரே, அதே ஏற்பாடுதான். தெருவில் நின்று பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் பலம் காலத்தில் தெரிகிறது. 1995 முதல் இங்கே 'பேஃபெஸ்ட்' என்று டிக்கெட் விற்று நடத்திய பெரிய இசைவிழா ஒன்று இருந்தது. 2015-ல் விழாவுக்குச் சில நாள் முன்பு ரத்து செய்தார்கள், அதோடு நின்றுபோனது. 1867-ல் தொடங்கிய 'ஆர்டர் ஆஃப் மித்ஸ்' சங்கமோ இன்றும் ஊர்வலம் போகிறது. பார்வையாளர் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் பார்த்து நடத்தும் விழாவுக்கும், நம்முடைய நாளில் நாம் போயே ஆக வேண்டும் என்று நடத்தும் விழாவுக்கும் உள்ள வித்தியாசம் அது.

1883-ல் தொடங்கிய எக்செல்சியர் பித்தளை வாத்தியக் குழுவையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஊர்வலத்தின் முன்னால் வாசித்துக்கொண்டு நடந்துபோவார்கள். 2022-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலை விருது அவர்களுக்குக் கிடைத்தது. ஊர்தி வரும் அவசரத்தில் பலர் இவர்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

குழந்தைகளோடு போகலாமா? எங்கே நிற்பது?

தாராளமாகப் போகலாம். மொபீல் மார்டி கிரா அடிப்படையில் குடும்ப விழா. பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பேரப்பிள்ளை அப்பாவின் தோளில் இருக்கும். பகல் ஊர்வலங்கள் சின்னக் குழந்தைகளுக்கு நல்லது. குழந்தைகளே ஊர்தியில் ஏறிவரும் மலர் ஊர்வலமும் உண்டு.

கவர்ன்மென்ட் தெருவில் பெரிய ஓக் மரங்களின் நிழல் இருக்கும், நிற்க இடமும் தாராளம். ராயல் தெருவிலும் பியன்வில் சதுக்கத்தைச் சுற்றியும் நெரிசல் அதிகம், ஆரவாரமும் அங்கேதான் அதிகம். கைக்குழந்தை இருந்தால் கவர்ன்மென்ட் தெருவே போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தடுப்பைத் தாண்டவே கூடாது. ஊர்தியின் சக்கரத்தடியில் விழுந்த மாலைக்காகப் பிள்ளைகள் குனிந்து ஓடும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. போலீஸ் அபராதமும் போடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள். காரை ஊர்வலம் போகும் பாதையில் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. அப்புறம், வானவேடிக்கை இல்லாமலேயே சத்தம் அதிகம். பள்ளி வாத்தியக் குழுக்களின் முரசு நெஞ்சில் அதிரும். சின்னக் குழந்தைக்குக் காது மூடி எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் 'மூன் பை, மூன் பை' என்று கத்துகிறார்களே, அது என்ன?

இரண்டு வட்ட பிஸ்கட்டுக்கு நடுவில் மார்ஷ்மல்லோ வைத்து, மேலே சாக்லேட் பூசிய தின்பண்டம். டென்னசி மாநிலத்துச் சட்டநூகாவில் 1917 முதல் செய்கிறார்கள். மற்ற ஊர்களில் பாசிமணி மாலையும் நாணயமும் வீசுவார்கள். இங்கே அவற்றோடு மூன் பையும் பறந்து வரும்.

முன்பு கிராக்கர் ஜாக் என்ற பொரிப் பெட்டியை வீசினார்கள். அட்டையின் முனை பட்டு ஆட்களுக்குக் காயம் ஆனதால் 1970-களின் தொடக்கத்தில் நகரம் அதைத் தடை செய்தது. மெத்தென்று இருக்கும் மூன் பை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது அது ஊரின் அடையாளமே ஆகிவிட்டது. 2008 முதல் புத்தாண்டு இரவில், நகர மையத்துக் கட்டடம் ஒன்றிலிருந்து 12 அடி உயர மின்விளக்கு மூன் பையை இறக்கித்தான் வருடம் பிறக்கிறது.

பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கூட்டத்தைப் பார்த்துக் கத்தாமல், ஊர்தியில் இருக்கும் ஒரே ஒருவரைப் பார்த்துக் கையை நீட்டுங்கள். கண்ணும் கண்ணும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் உங்களுக்குத்தான் வரும்.

நாங்கள் சைவம். சாப்பிடலாமா?

மார்ஷ்மல்லோவில் ஜெலட்டின் சேரும், அது விலங்கிலிருந்து எடுப்பது. சைவம் பார்க்கிறவர்கள் மூன் பையைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். தெருக்கடைகளில் பெரும்பாலும் இறைச்சி, இறால், சாசேஜ்தான். வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். தடுப்போரம் புளியோதரைப் பொட்டலம் பிரிப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. என்ன வாசனை இது என்று கேட்டு ஒரு வாய் வாங்கிக்கொள்வார்கள்.

எங்களால் ஒரு நாள்தான் வர முடியும். எந்த நாள்?

செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு. ஜோ கெய்ன் நாள்.

உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. தோற்ற தென்னகத்தைச் சேர்ந்த இந்த ஊரில் கொண்டாட்டம் நின்றுபோயிருந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஜோ கெய்ன் என்ற குமாஸ்தா, 'ஸ்லாக்கபமோரினிக்கோ' என்று ஒரு கற்பனைப் பழங்குடித் தலைவரின் வேஷம் கட்டிக்கொண்டு கரிவண்டியில் தெருவில் இறங்கினார். மார்டி கிராவை மீட்டவர் என்று ஊர் அவரைக் கொண்டாடுகிறது. அவர் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்னகப் படையின் பக்கம் நின்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வேஷத்தில் குறும்பும் உண்டு, தோல்வியை ஏற்காத வீம்பும் உண்டு.

1966-ல் அவருடைய எச்சங்களை வெளியூரிலிருந்து கொண்டுவந்து சர்ச் தெரு கல்லறையில் புதைத்தார்கள். அடுத்த ஆண்டு முதல் இந்த நாள். காலையில் அந்தக் கல்லறைக்குப் போங்கள். கறுப்பு உடையும் முகத்தை மறைக்கும் கறுப்பு வலையுமாக ஒரு பெண்கள் கூட்டம் பஸ்ஸில் வந்து இறங்கும். இவர்கள்தான் 'கெய்னின் விதவைகள்'. கல்லறையைச் சுற்றி ஒப்பாரி வைத்து, 'என்னைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று ஆளுக்கு ஆள் சண்டை போட்டு, கறுப்பு மாலையையும் கறுப்பு ரோஜாவையும் கூட்டத்துக்குள் வீசுவார்கள். 1974 முதல் நடக்கிறது. யார் அவர்கள் என்பது இன்றும் வெளியே தெரியாது. மதியத்தில் மக்கள் ஊர்வலம்.

செவ்வாய்க்கிழமையும் தங்க முடிந்தால் இரவு கடைசி ஊர்வலத்துக்காகக் காத்திருங்கள். அது 'ஆர்டர் ஆஃப் மித்ஸ்' சங்கத்துடையது. முதல் ஊர்தியில் ஒரு முறிந்த தூண் இருக்கும். எலும்புக்கூடு உடையில் ஒருவர், அவர்தான் மரணம், தூணைப் பிடித்துக்கொண்டிருப்பார். கோமாளி வேஷத்தில் இன்னொருவர், பொன்வண்ணம் பூசிய, காற்றடைத்த பன்றிச் சிறுநீர்ப்பைகளால் மரணத்தை அடி அடி என்று அடித்துத் தூணைச் சுற்றித் துரத்துவார். தெரு நெடுக இதே ஆட்டம்தான். அது போய் முடிந்தால் மார்டி கிரா முடிந்தது.

விழாவுக்கென்று தேர்ந்தெடுக்கும் ராஜா ராணி இரண்டு ஜோடி இருக்கிறார்களாமே, ஏன்?

ஒன்று வெள்ளையர் சங்கங்களின் வழியாக வந்த மொபீல் கார்னிவல் அசோசியேஷனுடைய ராஜா ஃபெலிக்ஸும் அவருடைய ராணியும். மற்றது கறுப்பின மக்கள் 1930-களின் இறுதியில் தங்களுக்கென்று தொடங்கிய அமைப்பின் ராஜா எலெக்சிஸும் ராணியும். அந்த அமைப்புக்கு இப்போது மொபீல் ஏரியா மார்டி கிரா அசோசியேஷன் என்று பெயர், சுருக்கமாக 'மாம்கா'. நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் ஏற்பட்ட பிரிவு இது. சட்டம் போய் அரை நூற்றாண்டு தாண்டியும் விழாவில் இரண்டு அரசவை இருக்கிறது. ஒருவர் அவைக்கு மற்றவர் போய் மரியாதை செய்வது இப்போது நடக்கிறது. ஆனாலும் இரண்டு இரண்டுதான்.

இது எனக்கு வருத்தம் தருவது. அதே சமயம், மாம்கா வேண்டாம், எல்லாம் ஒன்றாகட்டும் என்று வெளியிலிருந்து வந்த நாம் சுலபமாகச் சொல்லிவிடவும் கூடாது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் உழைப்பால் கட்டிய விழா அது. செவ்வாய் பிற்பகல் அவர்களுடைய 'மாமத்' ஊர்வலத்தில் கல்லூரி, பள்ளி வாத்தியக் குழுக்கள் ஆடிக்கொண்டே வாசித்து வருவதைப் பார்த்தால், அந்த வாரத்தின் மிகச் சிறந்த இசை எங்கே இருக்கிறது என்று தெரியும். தெருவில் மட்டும் ஊர் ஒன்றாக நிற்கிறது. இரண்டு ஊர்வலத்துக்கும் போங்கள்.

ஆஃப்ரிக்காடவுன் பற்றியும் சொல்கிறார்களே?

மேலே சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது. அடிமைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை அமெரிக்கா 1808-லேயே தடை செய்துவிட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு அப்புறம், 1860-ல், திமோத்தி மேஹர் என்ற மொபீல் செல்வந்தர் 'க்ளோட்டில்டா' என்ற கப்பலில் சுமார் 110 பேரை ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரச் செய்தார். தடயம் தெரியாமல் இருக்கக் கப்பலைக் கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1865-ல் விடுதலை பெற்றவர்களுக்கு ஊர் திரும்பப் பணம் இல்லை. கூலி வேலை செய்து, காசு சேர்த்து, நிலம் வாங்கி நகரின் வடக்கே தங்களுக்கென்று ஓர் ஊர் கட்டினார்கள். அதுதான் ஆஃப்ரிக்காடவுன். கப்பலின் சிதைவை அடையாளம் கண்டுவிட்டதாக 2019 மே மாதம் அறிவித்தார்கள். 2023 ஜூலையில் அங்கே ஒரு நினைவு அருங்காட்சியகம் திறந்தது. வம்சாவளியினர் வருடந்தோறும் முன்னோர் நினைவாகக் கூடுகிறார்கள்.

2007 மார்டி கிராவில் ஒரு ராணி மேஹர் குடும்பத்தவர். மற்ற ராணியின் முன்னோர் அதே கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். ஆவணப்படமாகவே பதிவான உண்மை இது. வெளியூர் விருந்தினரை ஊர் சுற்றிக் காட்டும்போது ஊர்வலத்தோடு நிறுத்தாமல் ஆஃப்ரிக்காடவுனுக்கும் கூட்டிப் போங்கள்.

மார்டி கிரா முடிந்த பிறகு ஊரில் ஒன்றும் இருக்காதா?

மார்ச்சில் அசேலியா பூக்கும். வீட்டு வாசலெல்லாம் இளஞ்சிவப்பு. 1978 முதல் நடக்கும் அசேலியா டிரெயில் 10 கிலோமீட்டர் ஓட்டம் அந்த மாதத்தில்தான். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். நகரத்துக்குத் தெற்கே பெல்லிங்ராத் தோட்டத்துக்கும் அதுவே நல்ல சமயம். மாதத்தின் இரண்டாவது வெள்ளி மாலை நகர மையத்தில் ஓவியம், கைவினை, தெரு இசை என்று கலைநடை உண்டு.

ஏப்ரல் நடுவில் ஒரு விஷயம். மொபீலுக்குத் தெற்கே இர்விங்டன், பாயூ லா பாட்ரே பக்கம் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து 1970-களுக்குப் பின் வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன, பௌத்தக் கோயில்களும் இருக்கின்றன. லாவோ, கம்போடியப் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும்.

பாயூ லா பாட்ரேயில் படகுகளுக்கு ஆசீர்வாதம் என்கிறார்களே?

மே மாதத் தொடக்கத்தில். 1949 முதல் அங்குள்ள புனித மார்கரெட் தேவாலயம் நடத்துகிறது. இறால் பிடிக்கும் படகுகளைக் கொடி, காகிதப் பூ, தோரணம் என்று அலங்கரித்து வரிசையாக ஓட்டிவர, பேராயர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். கடலில் போய்த் திரும்பாதவர்களுக்காக ஒரு மலர்வளையத்தைத் தண்ணீரில் விடுவார்கள். வேளாங்கண்ணி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கரையில் கம்போ குழம்பு, வறுத்த இறால், நண்டு உடைக்கும் போட்டி. இறக்குமதி இறாலின் விலையோடு போட்டிபோட முடியாமல் இந்தத் தொழில் தேய்ந்து வருகிறது. போனால் கரையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள்.

'ஜூபிலி' என்பது எப்போது நடக்கும்? தேதி போடவே இல்லையே?

தேதி போட முடியாது. அது மனிதர் வைக்கும் விழா இல்லை. மொபீல் விரிகுடாவின் கிழக்குக் கரையில், டாஃப்னி, ஃபேர்ஹோப் ஊர்களின் பக்கம், கோடைக்காலத்தில் சில நாள் விடியலுக்கு முன் நண்டும் இறாலும் தட்டை மீனும் கூட்டம் கூட்டமாகக் கரையோரத் தண்ணீருக்கு வந்துவிடும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்த நீர், கடல் ஏற்றத்தோடு கரையை நோக்கி நகரும்போது அதற்கு முன்னால் தப்பித்து வருகிறவை அவை. மூச்சுக்குத் திணறுவதால் ஓட மாட்டா. கிழக்குக் காற்று மெல்ல வீசி, தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும் இரவாக இருந்தால் வாய்ப்பு அதிகம்.

யாராவது ஒருவர் பார்த்துவிட்டு 'ஜூபிலி' என்று குரல் கொடுப்பார். நடுராத்திரியில் போன் அடிக்கும். விளக்கும் வாளியும் ஈட்டியும் எடுத்துக்கொண்டு தெருவே கரைக்கு இறங்கும். அந்தப் பக்கம் ஒரு நண்பர் இருந்தால், என்ன நேரமானாலும் எழுப்பச் சொல்லி வையுங்கள். தேவைக்கு மேல் அள்ளாதீர்கள்.

கோடையிலும் மழையிலும் விழாக்கள் நடக்குமா?

ஜூலையில் டாஃபின் தீவில் 1929 முதல் நடக்கும் ஆழ்கடல் மீன்பிடிப் போட்டி பெரியது. மற்றபடி வெயிலும் புழுக்கமும் கடுமை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அக்டோபரில் கல்ஃப் ஷோர்ஸில் இறால் விழா வந்தால்தான் மறுபடி ஊர் வெளியே வரும். டிசம்பரில் பெல்லிங்ராத் தோட்டத்தின் கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தவறவிடாதீர்கள்.

மழை? அமெரிக்காவின் அதிக மழை நகரங்களில் மொபீலும் ஒன்று. வருடத்துக்கு சுமார் 1,650 மில்லிமீட்டர், சென்னையைவிட அதிகம். தூறலுக்கு ஊர்வலம் நிற்காது. இடி, பலத்த காற்று என்றால் நேரம் மாற்றுவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். கிளம்புமுன் உள்ளூர்ச் செய்தியைப் பாருங்கள். குடை பிடித்தால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டே நல்லது.

நடன விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. என்ன உடுத்துவது?

ஊர்வலம் முடிந்ததும் சங்கத்தார் தங்கள் விருந்தினர்களுக்கு வைப்பது இது. பணம் கொடுத்து வாங்க முடியாத அழைப்பு, எனவே மதித்துப் போங்கள். அட்டையில் 'காஸ்ட்யூம் டி ரிகர்' என்று அச்சிட்டிருந்தால் விதி கடுமை: ஆண்களுக்கு வெள்ளை டையும் வால் வைத்த கோட்டும், பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன். வாசலிலேயே பார்ப்பார்கள், கோட்டு சரியில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள். வாடகைக்குக் கடைகள் உண்டு, ஜனவரியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். பட்டுப் புடவை தரையைத் தொடுவதுதான். ஆனாலும் அழைத்தவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூட்டை மூட்டையாகச் சேரும் மணிமாலைகளை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள், சாக்கடையில் விழவும் விடாதீர்கள். மழை பெய்தால் நேரே விரிகுடாவுக்குப் போய்விடும். மாலைகளை வாங்கிப் பிரித்துக் கட்டி அடுத்த வருடச் சங்கங்களுக்கு விற்கும் தொண்டு அமைப்புகள் ஊரில் இருக்கின்றன. சாம்பல் புதனுக்குப் பிறகு பல இடங்களில் சேகரிப்புப் பெட்டி வைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த நாலைந்தை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அதில் போட்டுவிடுங்கள்.